இரண்டாவது பாட்டில்

முயல் என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். நர்ஸிங் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், விடுதி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். எதற்கென்று தெரியாமலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயெல்லாம் பல். அதிலும் முன்பற்கள் இரண்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு வந்து நின்றன. சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதே பள்ளியில் இப்போது அவள் ஆசிரியை. மாணவிகள் அவள் முதுகுக்குப் பின்னால் முயல் மேடம் என்றுதான் சொல்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் என் அளவுக்கு அவளைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. என் அளவுக்கு அவளுக்குக் கெடுதல் செய்தவர்களும் கிடையாது. வேறு யாராவது எழுதினால் அந்த இரண்டாவது விஷயம் விட்டுப்போகும். அதனால் நானே எழுதுகிறேன்.

படிக்கிற காலத்தில் அவளோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. புத்தகத்தில் எல்லா வரிக்கும் அடிக்கோடு போடுவாள். அடிக்கோல் வைத்து, சிவப்புப் பேனாவால், கோணாமல். எல்லாமே முக்கியம் என்றால் எதுதான் முக்கியம் என்று நான் கேட்பேன். எனக்கு என்ன தெரியும், படிக்கிற எனக்கு எல்லாம் புதுசாகத்தானே இருக்கிறது என்பாள். உன் புத்தகத்தில் கோடு போடாத வரியை மட்டும் படித்தால் அரை மணியில் பாடம் முடிந்துவிடும் என்று கேலி செய்வேன்.

இரண்டாம் வருஷம் எங்களுக்கு நெஞ்சு நோய் வார்டில் பணி போட்டார்கள். ஜன்னல்களைத் திறந்தே வைக்கவேண்டிய நீளமான வார்டு. அந்தப் பணி முடிந்து இரண்டு மாதத்தில் அவளுக்குச் சாயங்காலமானால் லேசாக உடம்பு சுட்டது. கொஞ்சம் இருமல். சீருடை தொளதொளவென்று ஆனது. விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் யார்தான் இளைக்கமாட்டார்கள் என்று நாங்களே வைத்தியம் சொல்லிக்கொண்டோம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி யாரோ சொன்னார்கள், தேர்வு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. நாங்கள் மறந்துபோனோம்.

படிப்பு முடிந்து நான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். மயக்கத்தில் இருக்கும் நோயாளிகள்தான் எனக்கு ஒத்துவரும். எதிர்த்துப் பேசமாட்டார்கள். அவள் சில வருஷம் வார்டில் இருந்துவிட்டு, மேலே படித்து, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இருக்கும் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பினாள். உடம்பில் நோய் எப்படி உண்டாகிறது என்பதுதான் அவள் எடுக்கும் பாடம்.

அவள் வகுப்பை ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே நின்று முழுசாகக் கேட்டிருக்கிறேன். கரும்பலகை நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு. இடது பக்கம் 'நம்ம ஆள்' என்று எழுதியிருந்தாள், வலது பக்கம் 'வெளி ஆள்'. கட்டி என்பது நம்ம ஆள். நம் உடம்பின் சொந்த செல். எப்போது பெருகவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும், பழுதானால் எப்போது சாகவேண்டும் என்று ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்து ஒரு இடத்தில் கெடும். ஒரு பிழையில் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் பிழைமேல் பிழை சேர்ந்து, போதும் என்று சொன்னால் காதில் வாங்காத ஒரு செல் உண்டாகும். அது இரண்டாகும், இரண்டு நாலாகும், தனக்கென்று ரத்தக்குழாயை இழுத்துக்கொள்ளும். சாதுவான கட்டி இருந்த இடத்திலேயே பெருத்து, பக்கத்தில் இருப்பதைத் தள்ளும், உள்ளே புகாது. புற்று வேலி தாண்டும். ரத்தத்தில் ஏறி, எங்கோ போய் இறங்கி, அங்கேயும் பெருகும்.

வலது பக்கம் தொற்று. வெளி ஆள். அவருக்கு உள்ளே வர ஒரு வாசல் வேண்டும், ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும், பெருக அவகாசம் வேண்டும். காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம் உடம்பு போடும் சண்டையின் சத்தம் என்பாள். சத்தம் கேட்டால் நல்லது, ஓடிப்போய்ப் பார்க்கலாம். சில கிருமி சத்தமே போடாது. காசநோய்க் கிருமியை வெள்ளை அணு விழுங்கும். விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது குடியிருக்கும். உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பும். கிருமி வெளியே வராது. ஆனால் உள்ளே சாகவும் சாகாது. எத்தனை நாள் இருக்கும் மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். நாள் கணக்கு இல்லை, வருஷக் கணக்கு, சில பேருக்கு ஆயுசுக்கும் என்றாள்.

இப்படிப் பேசத் தெரிந்தவளுக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தண்ணீர் வாரியத்தில் பம்ப் இயக்குபவர். பேசுவது குறைவு, கேட்பது அதிகம். இவளுக்கு ஏற்ற ஆள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். எங்கள் செட் சார்பில் ஒரு பெரிய வாழ்த்து அட்டை வாங்கினோம். அதில் 'முயல் வீட்டில் சீக்கிரமே குட்டிகள் துள்ள வாழ்த்துக்கள்' என்று எழுதியது யார் என்று தனியாகச் சொல்லவேண்டுமா? நான்தான். அன்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அட்டையை நினைத்தால் இப்போது என் நாக்கை நானே அறுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் மாமியார் கேட்டார். மூன்றாம் வருஷம் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஐந்தாம் வருஷத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அது கேட்டதைவிட மோசம். நாத்தனார் தன் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் பேச்சு மாறுகிற அந்த ஒரு நொடியை அவள் எனக்கு நடித்தே காட்டுவாள், சிரித்துக்கொண்டே.

அதற்குள் எனக்கு இரண்டு பிறந்துவிட்டன. என் பெண்கள் அவளைப் பெரியம்மா என்பார்கள். சின்னவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எனக்கும் வேணும்டி."

அவ்வளவுதான். அந்த வார்த்தையை வாயால் சொன்னது அந்த ஒரு தடவை மட்டும். அதற்குப் பிறகு அவள் எப்போதும்போல வந்தாள், என் பிள்ளைகளுக்குத் தலை வாரினாள், வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு முறை வாடகை வீடு மாற்ற நானும் அவளோடு அலைந்தேன். தண்ணீர் வருமா, வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்றும் விசாரித்தாள். யாருக்கு என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. நானும் வேறு பக்கம் திரும்பி ஜன்னல் கம்பியை ஆராய்ந்தேன்.

கணவருக்குச் செய்த பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. அவளுக்கு முப்பத்து நாலாவது வயதில் ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. கருப்பைச் சுவரில், எலுமிச்சை அளவில், சாதுவான தசைக்கட்டி. வேறு எந்தப் பெண்ணும் கட்டி என்றால் கதிகலங்கிப் போவாள். இவள் ஸ்கேன் காகிதத்தை எடுத்துக்கொண்டு தியேட்டருக்கு ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எட்டு வருஷமாகத் தேடிய திருடன் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது எங்களுக்கு. கரு தங்கும் இடத்தைக் கட்டி அழுத்திக்கொண்டிருக்கிறது, எடுத்துவிட்டால் தங்கும். மருத்துவமே தெரியாத மாமியாருக்குக்கூட அது புரிந்தது. கண்ணுக்குத் தெரியும் காரணம் என்றால் யாருக்கும் பிடிக்கும்.

பெரிய டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். கட்டியை எடுக்கும்போதே கருப்பையின் உள்சுவரைச் சுரண்டிக் கொஞ்சம் எடுத்து அனுப்பவேண்டும் என்று தாளில் எழுதினார். பாதி பயாப்ஸிக்கு, பாதி காசநோய்க் கல்ச்சருக்கு. குழந்தை இல்லாமல் வருகிற எல்லோருக்கும் அவர் அப்படி எழுதுவது வழக்கம். தியேட்டரில் அன்று சாமான் எடுத்துக்கொடுத்து, எடுத்த சதையைப் பாட்டிலில் அடைத்து அனுப்பும் வெளிவேலை நர்ஸாக நானே கேட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். என் முயலை வேறு யாரிடமும் விடமாட்டேன் என்று ஜம்பம் வேறு.

இங்கே இரண்டு பாட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும். உடம்பிலிருந்து எடுத்த சதை, எடுத்த நிமிஷத்திலிருந்து கெட ஆரம்பிக்கும். பார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட்டால் கெடாது. செல் எல்லாம் இருந்த நிலையிலேயே உறைந்து நிற்கும். மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கட்டி சாதுவா பொல்லாததா என்று சொல்லிவிடலாம். ஆனால் கிருமியைக் கண்டுபிடிக்க அது உயிரோடு வேண்டும். லேபில் தீனி போட்டு வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். பார்மலின் பட்டால் கிருமி செத்துப்போகும். அதனால் கல்ச்சருக்குப் போகும் பாட்டிலில் சலைன், அதாவது சுத்தமான உப்புத் தண்ணீர் மட்டும். இது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். அவள் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்த வரி, என் புத்தகத்திலும் இருந்த வரி.

அந்த ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னால், வேறொரு நோயாளியின் மார்புக்கட்டித் துண்டு சலைனிலேயே கிடந்து, விடுமுறை கழிந்து லேப் திறந்தபோது அழுகிப்போயிருந்தது. அதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பெண்ணுக்கு மறுபடி கத்தி வைத்தார்கள். அதிலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. கையில் எது கிடைத்தாலும் பார்மலின் ஊற்றினால்தான் தூக்கம் வரும்.

முயலுக்கு ஆபரேஷன் நடந்தது சனிக்கிழமை. பன்னிரண்டரைக்கு லேப் மூடிவிடும், திங்கட்கிழமை விடுமுறை. கட்டி நல்லபடியாக, உரித்த மாதிரி, முழுசாக வந்தது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி அதைத் தூக்கிக் காட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சுரண்டி எடுத்ததை இரண்டு சின்னப் பாட்டிலில் போட்டேன். மூன்று நாள் கிடக்கவேண்டுமே, இவளுடையதும் அழுகிப்போனால் என்ன செய்வது என்று நெஞ்சு பதறியது. கேனைத் தூக்கி இரண்டு பாட்டிலிலும் கழுத்துவரை பார்மலின் ஊற்றினேன். மூடியை இறுக்கினேன். அவள் பேரை என் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். கல்ச்சர் பாட்டிலைச் சலைனோடு குளிர்பெட்டியில் வைத்திருந்தாலே போதும். அந்த யோசனை எனக்கு வரவில்லை. அக்கறை தலைக்கேறினால் அறிவு வேலை செய்யாது என்பதற்கு நான் ஒரு உதாரணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேபிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பார்மலினில் வந்துள்ளது, கல்ச்சர் செய்ய இயலாது, மறுபடி அனுப்பவும். மறுபடி அனுப்புவதென்றால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி சுரண்டல். அவள் வயிற்றில் தையல் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு வாரம் போகட்டும் என்று சீட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் பயாப்ஸி முடிவு வந்தது. கட்டி சாதுவானது. உள்சுவரில் நாள்பட்ட அழற்சி, குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லோரும் முதல் வரியைத்தான் படித்தார்கள். அவள் கணவர் வாழ்நாளில் முதல் முறையாக என்னிடம் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினார். ஆறு மாதம் கழித்து முயற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறிப்போனார். கல்ச்சர் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கட்டி போய்விட்டதே, இனி எதற்கு அது என்று நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். சீட்டு பையிலிருந்து மேஜை டிராயருக்குப் போனது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை மூன்றரை வருஷம் நீண்டது.

அந்த மூன்றரை வருஷத்தை அவள் எப்படி வாழ்ந்தாள் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் ஆசை மட்டும் இருந்தது. இப்போது நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. நம்பிக்கை இருப்பவர்கள் காத்திருப்பதைப் பார்க்கத் தைரியம் வேண்டும். மதிய இடைவேளையில் தியேட்டர் வாசலில் வந்து டீ குடிப்பாள். சில நாள் படபடவென்று பேசுவாள், சிரிப்பாள், எதையும் தூக்கமாட்டாள், படியில் மெதுவாக இறங்குவாள். இரண்டு நாள் கழித்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அரிக்கும். டீ ஆறுகிறது, குடி என்பேன்.

கட்டிப் பாடத்துக்கு உதாரணமாகத் தன்னுடைய கேஸையே வகுப்பில் சொல்லலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதற்காகப் பழைய ஃபைலைப் பதிவறையிலிருந்து வாங்கி, முதல் தாளிலிருந்து வரிவரியாகப் படித்திருக்கிறாள். டாக்டரம்மா எழுதிய வரியில் பாதி கல்ச்சருக்கு என்று இருந்தது. அதற்கு முடிவு ஃபைலில் இல்லை. நேரே தியேட்டருக்கு வந்தாள். நான் கருவிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கல்ச்சர் ரிப்போர்ட் எங்கடி?"

லேபில் தொலைத்திருப்பார்கள் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. என்னிடம் கேட்டால் தெரியும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

"பார்மலின்ல போட்டுட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கிழமை."

"எந்தச் செவ்வாக்கிழமை?"

நான் கருவிகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் அடுக்கிய கருவிகளில் ஒன்று கோணலாக இருந்தது. அதை நேராக வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை வேறு நர்ஸ். பாட்டிலை அவள் கணவரே கையில் வாங்கி, லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். காசநோய்க் கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாக ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும்படி வளர வாரக்கணக்கில் ஆகும். ஏழு வாரம் கழித்து லேபில் இருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, உங்கள் சிநேகிதிக்கு வளர்ந்திருக்கிறது என்றார். வெளிறிய மஞ்சளில், ரொட்டித் தூள் உதிர்த்த மாதிரி, கண்ணாடிக் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குள் இத்தனை வருஷம் வளர்ந்தது அது ஒன்றுதான்.

புது டாக்டர் சொன்னதைப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இளம் வயதில் மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போன கிருமி, ரத்தத்தில் ஏறி, கருக்குழாய்களில் இறங்கியிருக்கும். அங்கே சத்தமில்லாமல் இருந்து, குழாய்ச் சுவரைத் தடிக்க வைத்து, கருப்பையின் உள்பக்கமும் வந்திருக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கட்டி அது பாட்டுக்கு வேறொரு கதை, பல பெண்களுக்கு இருப்பது, அவளுக்கும் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். அந்த ஆறு மாதமும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெரியம்மா ஏன் வரவில்லை என்று என் பெண்கள் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். சரியில்லாமல் போனது யாரால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளாகத்தில் எதிரே வந்தால் தலையசைப்பாள். அந்தத் தலையசைப்புக்காக நான் பள்ளிக்கூடத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன். டீ நேரத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைப்பேன். இருபது வருஷத்தில் ஒரு ஆளுக்கு இவ்வளவு ஏங்கியதில்லை, என் வீட்டுக்காரருக்குக்கூட.

மாத்திரை முடிந்ததும் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். கிருமி போய்விட்டது, அது செய்த காரியம் போகவில்லை. இரண்டு குழாயும் அடைப்பு. குழாயைச் சுற்றிக்கொண்டு போக இப்போது வழி இருக்கிறது, கருவை வெளியே உண்டாக்கி உள்ளே வைப்பார்கள். ஆனால் கருப்பையின் உள்சுவரே தழும்பாகி, பாதி ஒட்டிப்போயிருந்தது. விதை விழுந்தால் பிடிக்க மண் வேண்டுமே. எப்போது இப்படி ஆனது, மூன்றரை வருஷம் முன்னால் பிடித்திருந்தால் தப்பித்திருக்குமா என்று அவள் கணவர் கேட்டாராம். சொல்லமுடியாது, அப்போதே ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆகியிருக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தரம் உருட்டிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அப்போதே ஆகியிருந்தால் என் பாட்டிலால் ஒன்றும் கெடவில்லை. ஆனால் அவளுக்கு அப்போதே எல்லாம் போயிருக்கவேண்டும் என்று ஆசைப்படுவதல்லவா அது. அப்படி ஆசைப்படுகிற ஜென்மமாக நான் ஆகிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. போன மாதம் பள்ளியிலிருந்து தியேட்டருக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் வருஷ மாணவிகளுக்குத் திசு மாதிரிகளை எடுத்து அனுப்பும் முறையைச் செய்து காட்ட அனுபவமுள்ள நர்ஸ் ஒருவரை அனுப்பவும் என்று. கீழே அவள் கையெழுத்து. யாரை என்று பெயர் போடவில்லை. தியேட்டரில் அனுபவமுள்ளவர்கள் நாலு பேர் இருக்கிறோம். நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு தூங்கவில்லை.

நாற்பது பெண்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரம் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் கேனையும் சலைனையும் பாட்டில்களையும் மேஜையில் வைத்து, செய்து காட்டினேன். இது கட்டிக்கு, இது கிருமிக்கு என்றேன். பாதியில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நர்ஸ் இரண்டிலும் பார்மலின் ஊற்றிவிட்டாள், லேபிலிருந்து வந்த சீட்டையும் மறைத்துவிட்டாள், அந்த நர்ஸ் நான்தான் என்று சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை. எல்லோரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள்.

"அந்தப் பேஷன்ட் இப்ப எப்படி இருக்காங்க சிஸ்டர்?"

சலைன் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தேன், மறுபடி மூடினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்காங்க" என்றாள் முயல். வகுப்பெடுக்கும் அதே குரல். "நோய் குணமாயிடுச்சு. ரெண்டு குழாயும் அடைப்பு, உள்ள தழும்பு. இனிமே குழந்தை பிறக்காது. அது அவங்களுக்கு நல்லா தெரியும். அவங்களே உங்க மாதிரி பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றவங்க."

பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

"ஆனா மாசத்துல ரெண்டு நாள் தள்ளிப்போச்சுன்னா, அன்னைக்கு மாடிப்படியில மெதுவா இறங்குவாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. இதை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் நடந்து வந்து மேஜைக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.